மைக் வேண்டாம், கணக்கு நோட்டு போதும்

கேள்வி: வயது 29. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. எங்கள் ஏரியில் கழிவுநீர் விடுவதை எதிர்க்கும் குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிறேன். அங்கேதான் நான் நானாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கினால் நான் யார் என்று தெரிந்துவிடுமா? மேடையில் பேசவும் எனக்குக் கூச்சம்.

பதில்: கூச்சம் பெரிய விஷயமில்லை. பம்பாயில் ஒரு சின்ன வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்த இளம் பாரிஸ்டர் ஒருவருக்குத் தலை சுற்றி, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். காந்திதான்.

1893இல் அவர் தென்னாப்பிரிக்கா போனது தன்னைத் தேடி அல்ல, பிழைப்புக்கு. மறு ஆண்டு ஊர் திரும்பும் நேரத்தில், அங்கே நேட்டால் பகுதி இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வருவதைப் பத்திரிகையில் பார்த்தார். ஒரு மாதம் தங்குகிறேன் என்றார். கடைசியாகக் கிளம்பியது 1914இல்!

ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது டோங்காட். அங்குள்ள இந்தியர்களின் அமைப்பான நேட்டால் இந்தியக் காங்கிரசுக்குக் காந்தி சந்தா வசூலிக்கப் போன ஊர். 6 பவுண்டு தர வேண்டிய வீட்டுக்காரர் 3க்கு மேல் அசையவில்லை. அதை வாங்கிக்கொண்டால் மற்றவர்களும் குறைத்துக்கொள்வார்கள். எனவே காந்தியும் உடன் வந்தவர்களும் சாப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளுக்குள் எரிச்சல், யாரும் வார்த்தையை விடவில்லை. விடியும் வேளையில் 6 பவுண்டும் வந்தது, சாப்பாடும் வந்தது. பிற்காலத்தில் வைஸ்ராய்கள் பார்த்த பிடிவாதம் அன்று ராத்திரியே இருந்திருக்கிறது. பம்பாய் கோர்ட்டில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து உடைத்த பற்களோடு, மரியாதைக்காகத் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவர் முன் வந்து நின்றதும் அந்த நாட்களில்தான். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. அந்தச் சங்கடம் அவருக்கும் தெரியும்: நேட்டால் கோர்ட்டில் வக்கீலாகப் பதிய, நீதிபதி சொன்னதற்காகத் தன் தலைப்பாகையைக் கழற்றியவர்தான் அவரும்.

வேலையை விடாதீர்கள். பொதுக் காரியத்துக்குச் சம்பளம் வாங்கக் காந்தி மறுத்தார். படியளப்பவரிடம் கறாராகப் பேச முடியாதே. வியாபாரிகள் சுமார் 20 பேர் தங்கள் வழக்கு வேலைகளை ஓராண்டுக்கு ஒப்படைத்தார்கள். அந்த வருமானத்தில் குடித்தனம் நடந்தது. வசூலான ஒவ்வொரு காசுக்கும் ரசீது உண்டு. கணக்கு சுத்தமாக இல்லாத இயக்கம் உருப்படாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் குழுவில் வரவு செலவு நோட்டு யாரிடம் இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. மைக் பிடிக்க ஆள் கிடைப்பார்கள்.