உதைக்கிற பிள்ளையா? எதற்கு உதைக்கிறான் என்று பாருங்கள்



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பையனுக்கு 8 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். நாலைந்து சொற்களுக்கு மேல் பேச வராது. தாய் 7 மாத கர்ப்பிணி.

"ஏங்க, இன்னிக்கும் எட்டி உதைச்சிட்டான். வயித்துல பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நாளையிலேருந்து நீ சமைக்கிற நேரம் அவனத் தூணுல கட்டிப் போட்டுடலாம். வேற என்ன வழி?"

கர்ப்பிணியைப் பார்க்க வந்த நர்சம்மா இதைக் கேட்டதும், "கட்டுற பேச்சை மட்டும் விட்டுடுங்கண்ணே" என்றார். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் மாண்டார்கள். அவர்களுடைய நோய் வேறு, இந்தப் பையனின் குறை வேறு. கட்டு ஒன்றுதான். தீயோ பாம்போ வந்தால் கட்டிய பிள்ளை ஓட முடியாது.

"சரிம்மா, அவன் எதுக்கு உதைக்கிறான்?"

"கொழுப்புதான்" என்றார் தகப்பன். "காத்துக் கருப்பு" என்றார் பாட்டி. இரண்டும் இல்லை.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பேச வராத பிள்ளை வலியை உதைத்தும் கடித்தும்தான் சொல்லும். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போடுங்கள். உதைப்பதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே நாம் என்ன செய்தோம். நேரத்தையும் குறியுங்கள். "கோபமா இருந்தான்" என்று எழுத வேண்டாம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதினால் போதும்.

இந்த வீட்டுத் தாளில் தெரிந்தது இதுதான். உதைப்பது பெரும்பாலும் சாயங்காலம், அம்மா அடுப்பில் முகம் கொடுத்து இவனைத் திரும்பிப் பார்க்காத நேரம். உதைத்தவுடன் அம்மா வேலையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறாள், அப்பா ஓடி வந்து திட்டுகிறார், பாட்டி முறுக்கு கொடுத்துச் சமாதானம் செய்கிறார். ஒரு உதைக்கு மூன்று பேர் வருகிறார்கள்! திட்டுகூட அவனுக்குக் கவனிப்புதான்.

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவாக இருக்காது. சிலது தின்பண்டத்துக்காகச் செய்யும். சிலது பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்கச் செய்யும். அந்தப் பிள்ளையை "போய்த் தொலை" என்று அனுப்பினால் கேட்டதைக் கொடுத்தது போலத்தான். சிலதுக்கு அந்த ஆட்டமே உடம்புக்கு இதமாக இருக்கும். ஆகையால் அடுத்த வீட்டு வைத்தியம் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நர்சம்மா சொன்ன ஏற்பாடு இது. அடுப்பு பற்ற வைக்கும் முன் பத்து நிமிடம் அம்மா அவனோடு மட்டும் உட்கார வேண்டும். சமையல் நேரத்தில், அடுப்புக்கும் அம்மாவின் காலுக்கும் எட்டாத தூரத்தில் பாய் போட்டு, அவனுக்குச் சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுக்க வேண்டும். அம்மா வேண்டுமென்றால் உதைக்காமல் கை தட்டிக் கூப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை அவன் அமைதியாக இருக்கும்போது சொல்லித் தாருங்கள். அப்பா பின்னால் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துத் தட்ட வைக்க வேண்டும், தட்டியவுடன் அம்மா திரும்பி, "என்னடா கண்ணு?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும், உடனே கேட்க வேண்டும். பிடி சோற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உதைத்தால்? அப்பா பேசாமல் நடுவில் வந்து அம்மாவைக் காக்க வேண்டும். திட்டும் வேண்டாம், முறுக்கும் வேண்டாம். பிள்ளை தலையை முட்டிக்கொண்டால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. தலையணையையோ கையையோ குறுக்கே வையுங்கள்.

முதல் சில நாள் உதை கூடலாம். பழைய வழி பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். அந்த நேரம் பாட்டி மனமிளகி முறுக்கை நீட்டினால், பலமாக உதைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். எனவே வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். இது பொம்பளை வேலை என்று தகப்பன்மார் ஒதுங்கினால் நடக்காது.

இந்தப் பயிற்சியைப் பற்றி மேலும் அறிய, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அதற்குப் பிள்ளையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.