அணை காணா ஆறு

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். நிலத்தை அறுத்துச் செல்வதால் அப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். அஃது எவ்வாறாயினும், தனக்குரிய வழியைத் தானே வகுத்துக்கொண்டு செல்வது ஆற்றின் இயல்பு என்பதில் ஐயமில்லை. மலையில் மழை பொழிந்தால் ஆறு பெருகும், கோடையில் மெலியும், ஓரிடத்தில் கரையைக் கரைக்கும், மற்றோரிடத்தில் மணலைக் கொணர்ந்து குவிக்கும்.

இவ்வியல்பு குன்றாமல் ஓடும் ஆறுகள் இன்று உலகில் அருகிவிட்டன. பேராறுகள் பலவற்றின் குறுக்கே அணைகள் எழுந்துள்ளன. அணைகளால் விளையும் நன்மை பெரிது. அவற்றால் வயல்கள் நீர் பெறுகின்றன. ஊர்கள் ஒளி பெறுகின்றன. வெள்ளத்தின் சீற்றம் அடங்குகிறது. ஆதலின், அணை கட்டுதலைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆயினும், எல்லா ஆறுகளையும் கட்டித்தான் தீர வேண்டுமா? ஒன்றிரண்டையேனும் அவற்றின் போக்கிலே விட்டுவைத்தல் தகாதா? அவ்வாறு விட்டுவைப்பதற்கு உரிய விலையை யார் கொடுப்பது? இவ்வினாக்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு மலைநாட்டு மக்கள் எதிர்கொண்டனர். அவர்தம் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மலையும் ஆறும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் ஓசார்க் என்னும் மலைநாடு பரந்து கிடக்கிறது. மிசௌரி, ஆர்க்கன்சா என்னும் இரு மாநிலங்களில் அதன் பெரும்பகுதி அமைந்துள்ளது. முகிலைக் கிழிக்கும் பனிமுடிகள் அங்கு இல்லை. ஓக், ஹிக்கரி முதலிய மரங்கள் அடர்ந்த குன்றுகளும், அவற்றிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுமே அந்நாட்டின் செல்வம். பண்டு ஓசேஜ் என்னும் பழங்குடியினர் அங்கு வேட்டையாடினர். அவர்கள் அந்நிலத்தை இழந்து மேற்கே சென்றபின், கிழக்கிலிருந்து வந்தோர் பள்ளத்தாக்குகளில் குடியேறினர். சிறு பண்ணைகளை வைத்துக்கொண்டு, ஆடம்பரம் அறியாத எளிய வாழ்க்கை வாழ்ந்தனர்.

இம்மலைநாட்டின் உயர்ந்த பகுதியாகிய பாஸ்டன் மலைகளில் ஓர் ஆறு பிறக்கிறது. அதன் பெயர் பஃபலோ ஆறு. காட்டெருமை என்பது அப்பெயரின் பொருள். அவ்வாறு ஏறத்தாழ 150 மைல் கிழக்கு நோக்கி ஓடி, ஒயிட் ஆற்றுடன் கலக்கிறது. அதன் இருமருங்கும் சுண்ணாம்புக்கல் பாறைகள் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது ஆற்றிலிருந்து ஏறத்தாழ 550 அடி எழுந்து நிற்கும் ‘பெரும் பாறை’. கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 209 அடி உயரத்திலிருந்து அருவி ஒன்று வீழ்கிறது. மேற்கே ராக்கி மலைகளுக்கும் கிழக்கே அப்பலேச்சிய மலைகளுக்கும் இடைப்பட்ட பெருநிலத்தில் அதனினும் உயர்ந்த அருவி இல்லை என்பர்.

இளவேனிற் காலத்தில் மழைநீர் நிறைந்திருக்கும்போது, ‘கனூ’ எனப்படும் ஒடுங்கிய படகில் ஏறி மக்கள் இவ்வாற்றில் செல்வர். துடுப்பின் ஒலியும் பறவையின் குரலும் அன்றி வேறொலி அங்குக் கேளாது. ஆழமான மடுக்களில் நீர் நீலமும் பசுமையும் கலந்து தோன்றும். ஆழமற்ற இடங்களில் அடியில் உள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம். மாலையில் கரையோரக் கல்திட்டில் படகை ஏற்றிவிட்டு, அங்கேயே உண்டு, விண்மீன்களைக் கண்டவாறே உறங்குவர்.

அணைத் திட்டம்

1927ஆம் ஆண்டில் மிசிசிப்பிப் பேராற்றில் எழுந்த வெள்ளம் எண்ணற்ற மக்களை வீடிழக்கச் செய்தது. அதன்பின், வெள்ளத்தைத் தடுக்கும் பொறுப்பை நடுவண் அரசு ஏற்றது. மிசிசிப்பியில் கலக்கும் ஆறுகளிலும், அவற்றிற் கலக்கும் ஆறுகளிலும் அணைகள் கட்டத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. இராணுவப் பொறியாளர் படையினர் அப்பணியை மேற்கொண்டனர். ஒயிட் ஆற்றின்மீது 1951ஆம் ஆண்டில் புல் ஷோல்ஸ் அணை முடிவுற்றது. அடுத்து அவர்தம் கண் பஃபலோ ஆற்றின்மீது சென்றது. இடைப்பகுதியில் கில்பர்ட் என்னும் இடத்தில் ஓர் அணையும், கழிமுகத்தை அடுத்து லோன் ராக் என்னும் இடத்தில் மற்றோர் அணையும் கட்டக் கருதினர்.

அத்திட்டத்தை வரவேற்றோர் தீயவர் அல்லர். அவர்களுள் பலர் அம்மலைநாட்டினரே. பயிர் விளையாத மேட்டு நிலம். தொழிற்சாலை இல்லாத ஊர். பிழைப்பைத் தேடி வெளியூர் செல்லும் இளைஞர். இந்நிலையில், நீர்த்தேக்கம் அமைந்தால் வெள்ள அச்சம் நீங்கும், மின்னாற்றல் கிடைக்கும், பயணிகள் வருவர், வறுமை ஒழியும் என்று அவர்கள் நம்பினர். மார்ஷல் என்னும் சிற்றூரைச் சேர்ந்தோர் அதற்கெனச் சங்கம் ஒன்றும் அமைத்தனர். பசித்தவன் உணவை நாடுவது குற்றமாகுமோ?

ஆற்றின் காவலர்

மறுபக்கத்தில் நின்றவர்களுள் தலையாயவர் நீல் காம்ப்டன் என்னும் மருத்துவர். ஆர்க்கன்சாவின் வடமேற்கில் பென்டன்வில் என்னும் ஊரில் அவர் மருத்துவம் செய்துவந்தார். ஓய்வு கிடைத்த நாள்களில் மலைகளில் நடப்பதும், செடிகொடிகளை ஆராய்வதும், நிழற்படம் எடுப்பதும் அவர்க்கு விருப்பம். தாம் நடந்து களித்த பள்ளத்தாக்கு நீரில் மூழ்கப்போகிறது என்பதை அறிந்தபோது, அவர் வாளா இருக்கவில்லை. ஒத்த கருத்துடையோரைத் திரட்டி, 1962ஆம் ஆண்டில் ஓசார்க் சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார்.

அச்சங்கத்தார் செய்த பணி இரண்டு. ஒன்று, எழுத்தாலும் பேச்சாலும் ஆற்றுக்காக வழக்காடியது. மற்றொன்று, மக்களை ஆற்றுக்கே அழைத்துச் சென்றது. ஆற்றில் ஒரு நாள் படகிற் சென்றவன் அதை மறக்கமாட்டான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அதே 1962ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தின் நீதிபதி வில்லியம் டக்ளஸ் இவ்வாற்றில் படகிற் சென்றார். அதனைக் காக்க வேண்டும் என்று உரத்துக் கூறினார். தாமஸ் ஹார்ட் பென்டன் என்னும் புகழ்பெற்ற ஓவியரும் பலமுறை இவ்வாற்றுக்கு வந்து, அதன் எழிலை ஓவியமாக்கி, அதன் பக்கம் நின்றார்.

பூசல் முற்றியது. ஆற்றின் குறுக்கே மரங்களை வீழ்த்தியும் முள்வேலி இட்டும் படகுகளைத் தடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் பேசாது பகைத்தனர். இறுதியில் மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் 1965ஆம் ஆண்டின் முடிவில், அணைத் திட்டத்துக்குத் தம் ஆதரவு இல்லை என்று பொறியாளர் படைக்கு எழுதினார். அவரும் ஓசார்க் மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தவரே. ஆளுநரின் இசைவு இல்லாமையால் திட்டம் கைவிடப்பட்டது.

சட்டமும் அதன் விலையும்

இன்று கைவிட்ட திட்டம் நாளை உயிர்பெறலாம் அன்றோ? ஆதலின், ஆற்றைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று காம்ப்டனும் அவர் தோழரும் கருதினர். 1967ஆம் ஆண்டில் ஆர்க்கன்சாவின் செனட்டர்களாகிய ஃபுல்பிரைட்டும் மெக்கிளெல்லனும் அதற்கான மசோதாவைக் கொணர்ந்தனர். ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1972ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று குடியரசுத் தலைவர் நிக்சன் அதில் கையொப்பமிட்டார். உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் போற்றப்படும் யெல்லோஸ்டோன் நிறுவப்பட்டதும் ஒரு மார்ச்சு முதல் நாளே. அது 1872ஆம் ஆண்டு. நூறாண்டு நிறைந்த அந்நாளில், பஃபலோ ஆறு அமெரிக்காவின் முதல் ‘தேசிய ஆறு’ என்னும் பெயர் பெற்றது. ஆற்றின் 135 மைல் நீளமும், அதனை ஒட்டிய ஏறத்தாழ 95,000 ஏக்கர் நிலமும் காப்புக்குள் வந்தன.

வெற்றி முழக்கத்தினிடையே அழுகை ஒன்றும் எழுந்தது. அதனை நாம் கேளாமற் போதல் முறையன்று. ஆற்றங்கரை வெறுங்காடாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த குடும்பங்கள் அங்கு இருந்தன. அவர்களுள் பலர் அணையையும் விரும்பவில்லை, பூங்காவையும் விரும்பவில்லை. தம் நிலத்தில் தாம் வாழ்வதையே விரும்பினர். நிலத்தை அரசு விலை கொடுத்து வாங்கியது. சிலர் மனமொப்பி விற்றனர். சிலர் வேறு வழியின்றி விற்றனர். வாழ்நாள் வரையிலோ குறித்த ஆண்டுகள் வரையிலோ வீட்டில் தங்கியிருக்கச் சிலருக்கு உரிமை அளிக்கப்பட்டது. பாக்ஸ்லி என்னும் பள்ளத்தாக்கில் மட்டும் உழவரும் அவர்தம் வீடுகளும் தொழுவங்களும் தொடர்ந்து இருத்தல் நன்று என்று பின்னர் முடிவாயிற்று. மற்ற இடங்களில் இன்று காட்டின் நடுவே புகைபோக்கியும் கல்லறையும் தனித்து நிற்கின்றன. படகிற் களித்துச் செல்வோர் அவற்றைக் காணும்போது, இவ்வின்பத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை ஒருகணம் எண்ணுதல் கடன்.

கண்காணா வழிகள்

சட்டம் இயற்றியதோடு காவல் முடிந்துவிட்டதா? இல்லை. அதன் காரணம் அந்நிலத்தின் அமைப்பிலேயே உள்ளது.

சுண்ணாம்புக்கல் மழைநீரில் சிறிது சிறிதாகக் கரையும் இயல்புடையது. ஊழிதோறும் கரைந்த அக்கல்லில் வெடிப்புகளும் குழிகளும் குகைகளும் தோன்றியுள்ளன. மேலே பெய்யும் மழை, மண்ணால் வடிகட்டப்படாமலே குழிவழி இறங்கி, நிலத்தடிப் பாதைகளிற் பாய்ந்து, தொலைவில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆறே சில இடங்களில் கோடையில் கூழாங்கற்களுக்கு அடியில் மறைந்து, அப்பால் மீண்டும் தோன்றும். ஆராய்ச்சியாளர் ஓரிடத்து நீரில் சாயம் கலந்து பார்த்தபோது, பல மைல்களுக்கு அப்பாலுள்ள ஊற்றுகளில் அச்சாயம் வெளிப்பட்டது. ஆகவே, மலைமேல் ஒருவர் கொட்டும் கழிவு, அவர் அறியாமலே ஆற்றை அடையக்கூடும்.

2012ஆம் ஆண்டில் இவ்வாற்றிற் கலக்கும் ஓடை ஒன்றன் அருகே, ஏறத்தாழ 6,500 பன்றிகளை வளர்க்கும் பெரும்பண்ணை ஒன்றுக்கு மாநில அரசு இசைவளித்தது. பண்ணையார் அவ்வூர்க் குடும்பத்தினர். சட்டப்படி உரிமம் பெற்றவர். ஆயினும், கழிவு நீர் நிலத்தடி வழியே ஆற்றைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சினர். மீண்டும் வழக்கும் வாதமும் எழுந்தன. 2019ஆம் ஆண்டில் அரசு ஏறத்தாழ 62 லட்சம் டாலர் ஈடளிக்க உடன்பட்டது. அடுத்த ஆண்டில் பண்ணை மூடப்பட்டது. உழவரை வெறுங்கையோடு அனுப்பாமல் ஈடு கொடுத்தது தக்கதே. ஆனால், நிலத்தின் தன்மையை முன்பே எண்ணி இசைவை மறுத்திருந்தால், அத்துணைப் பொருளும் பூசலும் வேண்டியிருக்கவில்லையே!

துய்ப்பும் காப்பும்

ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இன்று பஃபலோ ஆற்றை நாடி வருகின்றனர். 1981 முதல் 1985 வரை கொணர்ந்து விடப்பட்ட ‘எல்க்’ என்னும் பெருமான்களின் வழித்தோன்றல்கள் காலையிலும் மாலையிலும் பாக்ஸ்லிப் புல்வெளியில் மேய்கின்றன. மின்விளக்கின் ஒளியால் மாசுபடாத இரவு வானத்துக்காகவும் 2019ஆம் ஆண்டில் அவ்விடம் தனிச்சிறப்புப் பெற்றது.

காதலித்து வருவோர் கூட்டமே ஒரு பொருளுக்குக் கேடாவதும் உண்டு. கூட்டம் மிகுந்த நாள்களில் கரை மிதிபட்டுச் சரிகிறது, குப்பை சேர்கிறது, ஊர்ச் சாலைகள் திணறுகின்றன. சில கோடைகளில் பாசி பெருகி நீரை மூடுகிறது. ஆதலின், வருவோர்க்குச் சில நெறிகள் உள. கொண்டுவந்த பொருளைத் திரும்பக் கொண்டுபோதல் வேண்டும். கண்ணாடிப் புட்டிகளை ஆற்றில் எடுத்துச் செல்லலாகாது. குகையிலும் பாறையிலும் பெயர் பொறித்தல் கூடாது. ஒருவனுடைய களிப்பு, அவனுக்குப் பின் வருபவனுடைய களிப்பைக் குறைத்தல் ஆகாது என்பதே இவற்றின் உட்கருத்து.

மாணவர்களே! நீல் காம்ப்டன் 1999ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். ஆற்றைக் கண்டார்; அதில் மகிழ்ந்தார்; மகிழ்ந்ததனால் காத்தார். கண்டு மகிழாதவன் காக்க முன்வரான். காக்க முன்வராதவனுக்கு மகிழ்வதற்கு ஒன்றும் எஞ்சாது. அதனோடு, காப்பவன் தன் வெற்றியால் வீடிழந்தவரையும் மறவாதிருத்தல் வேண்டும். துய்ப்பு, காப்பு, பரிவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தபோதுதான் ஒரு நாடு தன் ஆற்றுக்கு உரியதாகிறது. பஃபலோ ஆறு இன்றும் அணை காணாமல் ஓடுகிறது. அது நாளையும் அவ்வாறே தெளிந்து ஓடுமா என்பது, மலைமேல் வாழ்வோரும் கரைக்கு வருவோரும் அன்றாடம் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது.

பயிற்சி வினாக்கள்

1. பஃபலோ ஆற்றில் அணை கட்ட வேண்டும் என்று விரும்பியோர் கூறிய காரணங்கள் யாவை?
2. ஓசார்க் சங்கத்தார் மக்களை ஆற்றுக்கு அழைத்துச் சென்றது ஏன்?
3. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆற்றைக் காத்தல் அரிதாவது எவ்வாறு?
4. ‘வெற்றி முழக்கத்தினிடையே அழுகை ஒன்றும் எழுந்தது’ – இடஞ்சுட்டி விளக்குக.
5. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஆறு அல்லது ஏரியைப் பற்றி, துய்ப்பு, காப்பு, பரிவு என்னும் மூன்றும் அமைய ஒரு கட்டுரை வரைக.