ஈரடுக்குச் சிறகும் சிற்றுருவும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிற் செல்வோர், ஊர்தோறும் திராட்சைப் பந்தல்களைக் கண்டு மகிழ்வர். ஆங்கு உழவர் கல்தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவர். கம்பி மெல்லியது, தனித்து நின்றால் அது வளைந்துவிடும். தூணோடு பிணைந்து விறைப்புற்று நிற்கும்போதோ, கொடியையும் கனியையும் சேரத் தாங்குகிறது. மெல்லியனவும் முறையறிந்து பிணைத்தால் வலியனவாம். மாந்தர் முதன்முதல் வானிற் பறந்த விமானங்கட்கும் இவ்வுண்மையே துணைநின்றது.

1903-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அமெரிக்க நாட்டு ரைட் உடன்பிறந்தார் ஓட்டிய விமானம் ஈரடுக்குச் சிறகுடையது. அக்காலத்துப் பொறிகள் ஆற்றல் குறைந்தவை. ஆதலின் விமானத்தை மேலே தூக்குதற்குப் பரந்த சிறகு வேண்டியிருந்தது. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்து அமைத்த சிறகு நீண்டு ஒற்றையாய் நின்றால், எளிதில் முறுகி ஒடியும். எனவே, ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறகுகளை வைத்து, இடையே சிறுகால்கள் நிறுத்தி, கம்பிகளைக் குறுக்காக இழுத்துப் பிணைத்தனர். எடை மிகாமலே வலிமை மிகுந்தது.

இவ்வகை விமானம் தமிழகத்திற்கும் விரைவிலேயே அறிமுகமாயிற்று. சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்சலிசு என்பார், தாமே வரைந்த அமைப்பின்படி சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஈரடுக்கு விமானம் ஒன்றைச் செய்வித்து, 1910-ஆம் ஆண்டில் பல்லாவரத்திற் பறந்து காட்டினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்து சென்றதும் ஈரடுக்கு விமானமே.

பின்னர்ப் பொறிகள் ஆற்றல் மிக்கன. உலோகச் சிறகுகள் தோன்றின. சிறுகால்களும் கம்பிகளும் காற்றை எதிர்த்து விரைவைக் குறைத்தமையால், ஈரடுக்கு விமானங்கள் மெல்லமெல்ல வழக்கொழிந்தன. மரமும் துணியும் நெடுங்காலம் நில்லா. பழைய விமானங்களுள் பெரும்பாலன அழிந்தொழிந்தன. எஞ்சிய சில காட்சிக்கூடங்களில் உள்ளன. அவற்றைக் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் எய்துவதன்று.

இக்குறையை ஒருவாறு தீர்ப்பன பிளாஸ்டிக் மாதிரித் தொகுதிகள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி ஆறவிடுவர். விமானத்தின் உறுப்புகள் யாவும் ஒரு சட்டத்தில் ஒட்டியவாறு வெளிவரும். அவற்றை நறுக்கி, அராவி, பசையால் இணைத்து, வண்ணம் தீட்டுதல் வாங்குவோர் கடன். இவற்றுட் பலவற்றின் அளவு எழுபத்திரண்டில் ஒன்றாகும். ஆறடி உயரமுள்ள மனிதன் அவ்வளவில் ஓரங்குலம் ஆவான்; ஏறத்தாழ 29 அடி அகலச் சிறகுடைய ‘டைகர் மாத்’ விமானம் ஐந்து அங்குலத்துள் அடங்கும்.

டைகர் மாத் 1931-இல் முதன்முதல் பறந்தது. இந்திய விமானப்படையினர் பலர் பறக்கப் பயின்றது இதில்தான். இதன் மாதிரியை இங்கிலாந்து நாட்டு ஏர்ஃபிக்சு நிறுவனம் 1957-இல் வெளியிட்டது. எஃகு அச்சினைச் செய்தற்கு ஆகும் செலவு பெரிது; செய்தபின் அது பல்லாண்டு உழைக்கும். ஆதலின் பழைய அச்சுகளைப் பேணி வைத்து, அவற்றினின்று மாதிரிகளை மீண்டும் மீண்டும் வார்த்து வெளியிடுகின்றனர். தாத்தா இளமையில் இணைத்த அதே உறுப்புகளைப் பேரனும் இணைக்கலாம்.

ஆயினும், பழமை ஒன்றே ஒரு பொருளுக்குச் சிறப்பாகிவிடாது. பழைய அச்சிற் பிழை இருப்பின், மறுவெளியீட்டிலும் அப்பிழை அவ்வாறே வரும். சிறகின் தடிப்பு மிகலாம்; உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விடலாம். அறிவுடையோர் மெய்யான விமானத்தின் படங்களோடு ஒப்பிட்டு, மிகையை அராவியும் குறையை நிரப்பியும் திருத்துவர். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர், பல படிகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்தது போன்ற செயலே இது. முன்னோர் தந்ததைப் போற்றுதலும் ஆராய்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல.

கையால் இணைப்பவன் கண்ணால் மட்டும் காண்பவனினும் மிகுதியாக அறிகிறான். டைகர் மாத்தின் மேற்சிறகு ஏன் முன்தள்ளி நின்று பின்னோக்கிச் சாய்கிறது? முன்னிருக்கைக்கு மேலேயே சிறகு இருப்பின், இடருற்ற காலத்தில் அங்கு அமர்ந்தவன் வான்குடையோடு வெளியேற இயலாது. அதனால் சிறகை முன்னே நகர்த்தினர். அதனாற் கெட்ட சமநிலையைச் சீராக்கப் பின்னோக்கிச் சாய்த்தனர். ஓருயிரைக் காக்கும் எண்ணம் அச்சாய்வில் உறைந்துள்ளது. விரலளவு சிறகைப் பொருத்தும் மாணவன், ‘இஃது ஏன் இவ்வாறு அமைந்தது?’ என வினவுவானாயின், அவன் கையிலிருப்பது விளையாட்டுப் பொருள் அன்று. அறிவின் கருவியே ஆகும்.

பயிற்சி

1. தொடக்கக் கால விமானங்கட்கு ஈரடுக்குச் சிறகு வேண்டியிருந்தமைக்குக் காரணம் யாது?
2. எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவில், 36 அடி நீளமுள்ள விமானம் எத்தனை அங்குலம் ஆகும்?
3. ‘போற்றுதலும் ஆராய்தலும் பகையல்ல’ – இக்கருத்தை விளக்கி ஒரு பத்தி வரைக.