கொழுப்பு மாத்திரையும் பம்பளிமாஸ் சாறும்



இரத்தத்தில் கொழுப்பு கூடினால் இருதயத்திற்குக் கேடு. அதற்காக டாக்டர் தரும் மாத்திரைகளில் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்பவை உண்டு. இவற்றைச் சாப்பிடுவோர், "பழச்சாறுதானே, என்ன செய்துவிடும்?" என்று எதையும் குடித்துவிடக் கூடாது.

நம் குடலில் ஒரு நொதி இருக்கிறது. விழுங்கிய மருந்தில் ஒரு பங்கை அது இரத்தத்தில் சேருமுன்பே சிதைத்துவிடும். இதைக் கணக்கில் வைத்துத்தான் மருந்தின் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. கிரேப்ஃப்ரூட் என்னும் சீமைப் பழத்தின் சாறு இந்த நொதியை முடக்கிவிடும். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததே அந்தப் பழம். ஆகவே பம்பளிமாஸிலும் அந்தக் குணம் உண்டு. நொதி முடங்கினால், விழுங்கியது ஒரு மாத்திரையானாலும் கூடுதலாக விழுங்கியது போலாகும். அபூர்வமாகத் தசை சிதைந்து சிறுநீரகமும் கெடலாம்.

"காலையில் சாறு, ராத்திரி மாத்திரை என்றால் சரிதானே?" என்று கேட்பீர்கள். சரியல்ல. முடங்கிய நொதி மறுபடி ஊற ஒரு நாளுக்கு மேலாகும்.

நினைவில் வையுங்கள்:

1. பழத்தை விடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. வாழை, கொய்யா, சாதாரண ஆரஞ்சு ஆகியவற்றுக்கு இந்தத் தடையில்லை.

3. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த மாத்திரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. காரணமில்லாத தசைவலி, சோர்வு, கறுத்த சிறுநீர் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

5. கருத்தரிக்க எண்ணும் பெண்கள், இம்மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

மாத்திரை ஒருவருக்கு, கவனம் இருவருக்கும்!