ஆஸ்திரேலியாவில் நர்ஸ் ஆகணுமா? முதலில் பதிவேட்டைக் கேளுங்கள்!



பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் நம் எல்லோரிடமும் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்து என்ன படிக்கப் போற?" என்பதுதான். நான் "நர்சிங்" என்றேன். உடனே அடுத்த கேள்வி: "படிச்சிட்டு ஆஸ்திரேலியா போயிடலாமே?" கும்பகோணம் பக்கம் போனால் சுவரெல்லாம் அதே விளம்பரம். நிஜமாகவே போக முடியுமா, அதற்கு எந்தப் படிப்பு சரி என்று இரண்டு மாதமாக விசாரித்தேன். கண்டுபிடித்ததை இந்தத் தாளில் எழுதுகிறேன். உங்களில் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டாலும் சந்தோஷம்.

1. மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டுமா?

இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் என்ற ஊர்க் கோயிலில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஒரு ஆதுலசாலை (மருத்துவமனை) நடந்ததாக அது சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டு வருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஏற்ற கூலி எல்லாம் அதில் உண்டு. நம் ஐராவதேசுவரர் கோயில் கட்டுவதற்கும் முந்தைய காலத்திலேயே அப்படி!

இன்றைக்கு அந்தப் பட்டியல் இன்னும் நீளம். மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபி, கண் பரிசோதனை, எக்ஸ்ரே-ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கூடம், உளவியல்... ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, வருஷம் வேறு, செலவு வேறு. எம்.பி.பி.எஸ். நான்கரை வருஷம், அதன்பின் ஒரு வருஷம் பயிற்சி. பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா 3 வருஷம். பி.பார்ம். 4 வருஷம்.

2. பதிவேடு என்றால் என்ன?

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. சர்டிபிகேட் கையில் இருந்தால் மட்டும் யாரும் நர்ஸ் ஆகிவிட முடியாது. அரசு ஏற்படுத்திய ஒரு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. இந்தியா முழுமைக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. படிக்கிற கல்லூரிக்கு இவற்றின் அங்கீகாரம் இல்லை என்றால் பதிவேட்டில் பெயர் ஏறாது.

ஆஸ்திரேலியாவில் இதை ஆப்ரா என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. 2010-லிருந்து நாடு முழுமைக்கும் ஒரே முறை. மொத்தம் 16 மருத்துவத் தொழில்கள் அதன் கீழ் வருகின்றன. யார் வேண்டுமானாலும் அந்தப் பதிவேட்டைத் திறந்து, தனக்கு ஊசி போடுகிற நர்ஸின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்!

இங்கேதான் நாம் ஏமாறக்கூடிய சில இடங்கள் இருக்கின்றன. கவனியுங்கள்:

* நம் ஊரில் "பாராமெடிக்கல்" என்றால் லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாம் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் "பாராமெடிக்" என்றால் ஆம்புலன்ஸில் வந்து உயிர் காப்பவர். வார்த்தை ஒன்று, வேலை வேறு.

* அந்த 16 தொழில்களில் சீன மருத்துவம் இருக்கிறது. நம் சித்த மருத்துவம் இல்லை. சித்தா அருமையான படிப்பு. இங்கே டாக்டராகவே பணி செய்யலாம். ஆனால் ஆஸ்திரேலியாவை மனசில் வைத்து அதில் சேர்ந்தால் அங்கே பதிவு செய்யத் தனி வாரியம் கிடையாது.

* லேப் படிப்பும் அந்தப் பதினாறில் வராது. அதற்குத் தகுதியை மதிப்பிடும் அமைப்பு தனி.

* மருத்துவர்களுக்கு ஆஸ்திரேலிய மருத்துவக் கவுன்சிலின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. பிசியோதெரபிக்கும் அப்படியே ஒரு தனிக் கவுன்சில், தனித் தேர்வு.

3. எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் தெரு அக்கா ஒருவர் பிளஸ் டூ முடித்ததும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். பெயர் வேண்டாம். "ஒரு வருஷ நர்சிங், வெளிநாட்டு வேலை கேரண்டி" என்றார்கள். வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். படிப்பு முடிந்தது, வண்ண வண்ணமாக சர்டிபிகேட்டும் வந்தது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, ஏறவும் ஏறாது. அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை. இப்போது ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறார். கூட வேலை செய்யும் நர்ஸ் வாங்கும் சம்பளத்தில் பாதிகூட அவருக்குக் கிடையாது. வேலையில் அவர் கெட்டிக்காரர், கை சுத்தம். ஆனால் அடுத்த படிக்கு ஏற வழி இல்லை. அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை.

"பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கணும்டி. இதைப் படிச்சா எந்தக் கவுன்சில்ல என் பேரு ஏறும்? அவ்வளவுதான்" என்று அந்த அக்காவே என்னிடம் சொன்னார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான்.

4. இரண்டு வழிகள், ஒரு கணக்கு

ஆஸ்திரேலியாவில் நர்ஸ் ஆக இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி: நேரே அங்கே போய்ப் படிப்பது. நர்சிங் பட்டம் அங்கே 3 வருஷம். முடித்ததும் வெளிநாட்டுக்காரர்களுக்கான தகுதித் தேர்வு இல்லாமலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செலவைப் பாருங்கள். மாணவர் விசாவுக்கு ஒரு வருஷ வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் விதி வந்தது. ஒரு டாலர் 55 ரூபாய் என்று வைத்தாலும் 16 லட்சத்துக்கு மேல் ஆகிறது. கல்லூரிக் கட்டணம் தனி, விமானம் தனி. விசா கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆனது. பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாம் என்பார்கள். கல்லூரி நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது.

இரண்டாம் வழி: இங்கே பி.எஸ்சி. நர்சிங் படிப்பது. நம் நாட்டில் இந்தப் பட்டப்படிப்பு 1946-லேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அரசு கவுன்சலிங் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்து வந்திருக்கிறது. முடித்து, இங்கே பதிவு பெற்று, வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறலாம்:

அ) ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும்.
ஆ) என்கிளெக்ஸ் என்ற கணினித் தேர்வு. இதைச் சென்னையிலேயே எழுதலாம்.
இ) செய்முறைத் தேர்வு. இது அடிலெய்டு நகரத்தில் நடக்கிறது. விமானம் ஏறுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

இன்னொரு கிளை வழியும் 2025-ல் திறந்தது. சிங்கப்பூர், இங்கிலாந்து போன்ற சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரமாவது வேலை பார்த்த நர்ஸ்களுக்கு இந்த இரண்டு தேர்வுகளும் வேண்டாம்.

ஜி.என்.எம். சீட்தான் கிடைத்தது என்றால்? கவலை வேண்டாம். ஆனால் அங்கே பட்ட அளவிலான படிப்பைக் கேட்கிறார்கள். அதனால் ஜி.என்.எம். முடித்து, 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கையும் முடித்துக்கொள்வது நல்லது.

5. நான் எடுத்த முடிவு

எங்கள் வீட்டில் ஒரு தறி. பட்டுப் புடவைதான் சோறு போடுகிறது. இந்தக் கணக்கை எல்லாம் நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அப்பா எட்டாவது வரைதான் படித்தவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாவு போடுறப்பவே கரை என்ன கலர்னு முடிவு பண்ணிடணும்மா. பாதி நெய்ஞ்ச அப்புறம் மாத்த முடியாது. ஆனா ஒண்ணு, நெய்யுற புடவை உள்ளூர்லயும் விலை போகணும். வெளியூர் யாவாரியை மட்டும் நம்பி நெய்யக்கூடாது."

எனக்கு அதுதான் சரி என்று பட்டது. முதல் வழியில் நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் கடன் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாம் வழியில் ஆஸ்திரேலியா கிடைக்காமலே போனாலும் நான் பதிவு பெற்ற நர்ஸ். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கும்பகோணம் அரசு மருத்துவமனையோ, எம்.ஆர்.பி. தேர்வு எழுதி எங்கேயும் போகலாம். அதனால் பி.எஸ்சி. நர்சிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஆஸ்திரேலியாவா இல்லையா என்பதை ஆறு வருஷம் கழித்து, கையில் பதிவெண்ணோடு முடிவு செய்வேன்.

6. பணத்துக்கு என்ன வழி?

* 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. பையன்களே, நர்சிங் உங்களுக்கும் உண்டு!
* எம்.பி.பி.எஸ். கனவு உள்ளவர்களுக்கு: நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது.
* வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வாங்க வழி உண்டு. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.
* வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கத் தமிழக அரசே ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்
(நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளவும்)

1) இதைப் படித்தால் எந்தக் கவுன்சிலில் என் பெயர் பதிவாகும்?
2) இந்தக் கல்லூரியின் பெயர் அந்தக் கவுன்சிலின் பட்டியலில் இந்த வருஷம் இருக்கிறதா?
3) இது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சர்டிபிகேட்டா?
4) நான் போக நினைக்கும் நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பதிவு உண்டா? என்ன தேர்வு?
5) அந்த நாடு கிடைக்காவிட்டால், இதே படிப்பை வைத்து நம் ஊரில் பிழைக்க முடியுமா?

ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். விதிகள் வருஷா வருஷம் மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் ஆப்ரா தளத்தையும் நம் கவுன்சில் தளத்தையும் நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளின் கீழே குண்டூசியால் குத்தி வையுங்கள். உயிரியல் ஆசிரியையிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவி,
தாராசுரம்.