மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க!

போன செமஸ்டர் எக்ஸாம் நேரம். ரூம்மேட்டுக்கு நல்ல காய்ச்சல், கூடவே ஜலதோஷம். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரைன்னு மூணு வேளையும் ரெண்டையும் சேர்த்துப் போட்டான். ராத்திரி, "தலைவலி தாங்கலடா, இன்னொரு தடவை போட்டுக்கறேன்"னு சொன்னப்போதான் அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். ரெண்டிலும் பாராசிட்டமால்! ஒன்றில் 650 மில்லிகிராம், மற்றதில் 500.

கணக்குப் போடுங்க. ஒரு வேளைக்கு 1150, நாலு வேளைக்கு 4600. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4000 மில்லிகிராம்தான். அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல். நல்லவேளை, நாலாவது வேளையை அவன் போடவில்லை.

இந்தக் குழப்பம் ஏன்? ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள். முதலாவது, வேதிப்பெயர்: பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால். அதைச் சுருக்கினால் பாராசிட்டமால், இதுதான் பொதுப்பெயர். மூன்றாவது, கம்பெனி வைக்கும் பிராண்ட் பெயர். டோலோ, கால்பால், குரோசின் எல்லாமே பாராசிட்டமால் மாத்திரைகள்தான். நமக்குப் பழக்கமானது பிராண்ட் பெயர். உள்ளே என்ன இருக்குன்னு சொல்வது பொதுப்பெயர்.

பொதுப்பெயர்களை உலக சுகாதார நிறுவனம் ஒழுங்குபடுத்துகிறது. முதல் பட்டியல் 1953இல் வந்தது. நமக்கு இனிஷியல் முன்னாடி வரும். மருந்துக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் பின்னாடி வரும். சில குடும்பங்கள்:

• "ப்ரசோல்": ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை.
• "ஓலால்": அட்டினோலால், மெட்டோப்ரோலால். இதயத் துடிப்பின் வேகத்தையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பவை.
• "வாஸ்டாட்டின்": அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். கொலஸ்ட்ராலைக் குறைப்பவை.

தாத்தா பாட்டியோட மருந்து டப்பாவைத் திறந்தால் இந்த மூணு குடும்பமும் அநேகமா அங்கே இருக்கும்.

மருந்து என்ன வேலை செய்கிறது என்பதை வைத்தும் வகை பிரிப்பார்கள்: வலி நிவாரணி, காய்ச்சல் குறைப்பான், ஆன்டிபயாட்டிக் என்று. இதில் ஒரே மருந்து ரெண்டு வகையில் வரலாம். ஆஸ்பிரின் வலி நிவாரணி. அதுவே தினமும் 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கும் மருந்து. அதனால்தான் இதய நோயாளிகளுக்குத் தருகிறார்கள். "வெறும் தலைவலி மாத்திரைதானே"ன்னு அதை நாமாக நிறுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

அடுத்த முறை ரெண்டு மாத்திரை சேர்த்துப் போடும் முன்னாடி, ரெண்டு அட்டையிலும் அந்தப் பொதுப்பெயரைப் படிங்க. ஒரே பெயர் ரெண்டிலும் இருந்தால், டாக்டரிடமோ மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டிடமோ கேட்காமல் வாயில் போடாதீங்க. அரை நிமிஷ வேலைதான்.