டி.டி. போட்டாச்சா? ரணஜன்னியைத் தடுக்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் வந்தால் டெல்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புகளில் கூலருக்குப் புல் மாற்றும் வேலை தொடங்கும். தகரத்தின் ஓரம் விரலைக் கிழித்ததும் ரணஜன்னித் தடுப்பூசியான டி.டி. பற்றி வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "டி.டி. போட்டு எத்தனை மாசம் ஆச்சு?" ஆறு மாதம் தாண்டியிருந்தால் ஊசி, இல்லாவிட்டால் நிம்மதி. இந்த ஆறு மாதக் கணக்குக்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. பார்க்க வேண்டியது வேறு: பிறந்ததிலிருந்து மொத்தம் எத்தனை ஊசி, கடைசி ஊசி எந்த வருடம்?

எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழியைத் துருவின் மேல் போடுவது நம் வழக்கம். துரு பாவம், அது ஒன்றும் செய்வதில்லை. ரணஜன்னியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் தெருப்புழுதியிலும் வருடக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளரச் செய்யும் சமிக்ஞையை அடைத்துவிடும். தாடை பூட்டிக்கொள்ளும், கழுத்து விறைக்கும், முதுகு வில்லாக வளையும்.

அதனால் ரத்தம் கொட்டும் கூலர் கீறலைவிட எனக்குப் பயம் தருவது ரோஜா முள். தரைத்தள வீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் செடிக்குச் சாண எரு வைக்கும்போது முள் உள்ளங்கையில் ஏறி முறியும். ரத்தம் ஒரு சொட்டு வரும், அதோடு மறந்துவிடுவார்கள்.

படி 1: கழுவுங்கள்

ஓடும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உள்ளே முள்ளோ கண்ணாடியோ தங்கியிருந்தால் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அழுக்கும் செத்த சதையும் உள்ளே இருக்கும்வரை கிருமிக்குக் கொண்டாட்டம்.

படி 2: பழைய கணக்கைத் தேடுங்கள்

குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியிலேயே ரணஜன்னித் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 முதல் 6 வயதில் இன்னொன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. இப்போது அரசு மையங்களில் பெரியவர்களுக்குப் போடுவது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டு ஊசி. நம் வாயில் மட்டும் அது இன்னும் பழைய டி.டி.தான்.

சிக்கல் வீட்டிலுள்ள அப்பாக்களிடம் இருக்கிறது. இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-இல். அதற்கு முன் கிராமத்தில் பிறந்த ஆண் சிறுவயதில் எதுவும் போடாமலே இருந்திருக்கலாம். பெண்களுக்காவது கர்ப்ப காலத்தில் போட்டிருப்பார்கள். அவ்வப்போது காயத்துக்குப் போட்ட ஊசிகளின் சீட்டு இல்லையென்றால், ஒன்றும் போடாதவர் என்றே வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது நல்லது: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மூன்றாவது. முதல் ஊசியோடு நின்றுபோகிறவர்கள்தான் அதிகம். காயம் ஆறிவிட்டது, இனி எதற்கு என்ற நினைப்பு.

படி 3: ஊசி மட்டுமா, நச்சு முறிவும் வேண்டுமா?

தடுப்பூசி உடலுக்கு நஞ்சை எதிர்க்கப் பழக்கம் கொடுக்கிறது. முன்பு போடாதவருக்கு அந்தப் பழக்கம் வர வாரக்கணக்கில் ஆகும். நோயோ பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் வந்துவிடும். ஆகவே இன்றைய காயத்துக்கு வேண்டியது தயாராக இருக்கும் எதிர்ப்பொருள்: அதாவது நச்சு முறிவு மருந்து.

1890-இல் பெர்லினில் பெரிங், கிட்டாசாட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் நிரூபித்த உண்மை இது. எதிர்ப்பு பெற்ற விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கிறது. அதிலிருந்து வந்தது குதிரைச் சீரம். அதற்கு ஒவ்வாமை வரலாம் என்பதால் முன்சோதனை தேவை. இப்போது விரும்பப்படுவது மனித இம்யூனோகுளோபுலின். வழக்கமான அளவு 250 யூனிட். தடுப்பூசி ஒரு கையில் என்றால் இது வேறோர் இடத்தில்.

யாருக்கு எது? மூன்று ஊசி முழுமையாகப் போட்டவருக்கு, சுத்தமான சின்னக் காயமென்றால் கடைசி ஊசி 10 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் ஒரு பூஸ்டர். மண், சாணம் பட்ட காயம், ஆழமான குத்து, தீக்காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே போட வேண்டும். இவர்களுக்குப் பொதுவாக நச்சு முறிவு தேவையில்லை. மூன்றுக்குக் குறைவாகப் போட்டவருக்கும் கணக்கு தெரியாதவருக்கும் அழுக்குக் காயமென்றால் இரண்டும் வேண்டும். நரம்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை இந்த மருந்தால் பிடிக்க முடியாது, ஆகவே "நாளைக்குப் பார்க்கலாம்" கூடாது.

நாயோ குரங்கோ கடித்தால் ரேபிஸ் ஊசி தனிக் கணக்கு. ஒன்று போட்டதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

படி 4: எங்கே போவது?

மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ளவர்களுக்குப் பகலில் பக்கத்து டிஸ்பென்சரி. இரவிலும் பெரிய காயத்துக்கும் சஃப்தர்ஜங் மருத்துவமனையின் அவசரப் பிரிவு பக்கம். எதிரே எய்ம்ஸ். நச்சு முறிவு மருந்து எல்லா இடத்திலும் கையிருப்பில் இராது, கேட்டுவிட்டே உட்காருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு

முதல் ஊசி கர்ப்பம் உறுதியானதும், அடுத்தது நான்கு வாரம் கழித்து. முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் மீண்டும் கருவுற்றால் ஒன்றே போதும். தொப்புள்கொடி வழியே சிசுக்களைக் கொன்ற ரணஜன்னியை 2015-இல் இந்தியா ஒழிப்பு நிலைக்குக் கொண்டுவந்ததில் இந்த ஊசிக்கும், மருத்துவமனைப் பிரசவத்துக்கும் பெரும் பங்கு.

வந்துவிட்டால்

வாய் திறக்க முடியவில்லை, விழுங்கச் சிரமம், சத்தமோ வெளிச்சமோ பட்டதும் உடம்பு வெட்டி இழுக்கிறது என்றால் அது தீவிர சிகிச்சைக்கான நோய். டெல்லியில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பழகிய இடம் கிங்ஸ்வே கேம்ப் மகரிஷி வால்மீகி தொற்றுநோய் மருத்துவமனை. ஆனால் முதலில் பக்கத்திலுள்ள அவசரப் பிரிவுக்கே ஓடுங்கள். பிழைத்து வீடு திரும்பியவருக்கும் மூன்று ஊசி பாக்கி உண்டு. அந்த நஞ்சு கொஞ்சம் இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஆனால் உடலில் எதிர்ப்பை வளர்க்க அந்த அளவு போதாது.